யார் எழுதிய தலையெழுத்து?

கள்ளக்குறிச்சியில் தோழர்கள் ஒரு கூட்டம் ஏற்பாடு செய்திருந்தனர். 'மதுவிலக்குத் திருத்தச் சட்டம்' என்பது நமக்குத் தரப்பட்ட தலைப்பு. சட்டத்தைப் படித்தாயிற்று, குறிப்பும் எடுத்தாயிற்று. மேடை ஏறுவதற்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. தேநீர்க் கடையில் அமர்ந்து குறிப்பைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, ஓர் ஐயம் நம்மைக் குடைந்தது. கருணாபுரத்தைக் காணாமல் அச்சட்டத்தைப் பற்றிப் பேசுவது, நோயாளியின் முகத்தைப் பாராமல் மருந்தின் பெருமையை முழங்குவது போலாகாதா? எழுந்தோம், நடந்தே சென்றோம்.

நெடுந்தொலைவு நடக்க வேண்டியிருக்கவில்லை. அதுவே நம்மை முதலில் திடுக்கிட வைத்தது. காட்டுக்குள் ஒளிந்து கிடக்கும் குக்கிராமம் அன்று கருணாபுரம். நகரத்தின் நடுவிலே உள்ள உழைப்பாளர் தெரு. காவல் நிலையமும் நீதிமன்றமும் கூப்பிடு தொலைவில். சட்டத்தின் காவலர் ஒரு புறம், சட்டத்தின் தராசு மறு புறம், இடையிலே சாராய வாணிபம்! விளக்கின் அடியில் இருள் என்பார்கள். இங்கோ இரண்டு விளக்குகளுக்கு நடுவே இருள் குடியிருந்தது.

2024ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாளும் அதற்கு மறுநாளும் அந்தத் தெருவில் நடந்ததை நாடு மறந்திருக்க முடியாது. பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சாய்ந்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டனர். கண் தெரியவில்லை என்று கதறினர். கள்ளக்குறிச்சி மருத்துவமனை நிரம்பி வழிய, சேலத்துக்கும் விழுப்புரத்துக்கும் புதுவை ஜிப்மருக்கும் வண்டிகள் பறந்தன. கருணாபுரத்தோடு மாதவச்சேரி, சேஷசமுத்திரம் ஆகிய ஊர்களையும் சேர்த்து 65க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெண்களும் இருந்தனர். கோமுகி ஆற்றங்கரையிலே வரிசை வரிசையாகச் சிதைகள் எரிந்தன. ஒரே தெருவில் ஒரே நாளில் இத்தனை பிணம் என்றால், யார் யாருக்கு ஆறுதல் சொல்வது? ஒப்பாரி வைக்க வந்தவள் வீட்டிலும் ஒப்பாரி!

அந்தத் தெருவில் ஒரு திண்ணை. திண்ணையிலே ஒரு மூதாட்டி. அருகே புத்தகப் பையோடு ஒரு சிறுமி, அவருடைய பேத்தி. நாம் வந்த காரணத்தைச் சொன்னோம். "ஒக்காருங்க தம்பி" என்றார். மகனைப் பறிகொடுத்தவர். மகன் மூட்டை தூக்கிப் பிழைத்தவனாம். இவ்வளவையும் அழாமல் சொன்னார். அழுது தீர்த்த கண்கள் அவை. கடைசியாக நெற்றியில் விரலால் ஒரு கோடு இழுத்துக்காட்டி, "எல்லாம் தலையெழுத்து தம்பி. அன்னிக்கின்னு எழுதி வச்சிருந்தான்" என்றார்.

நமக்குள் இருந்த பிரசாரகன் விழித்துக்கொண்டான். விதி என்ற சொல்லைக் கேட்டால் சும்மா இருக்க முடியுமா நம்மால்? பல்லாண்டுப் பழக்கம்! தலையெழுத்து என்று ஒன்றில்லை அம்மா என்று தொடங்கி, நாம் படித்ததையெல்லாம் அந்தத் திண்ணையில் கொட்டினோம்.

மெத்தனால் என்று ஒரு சாராயவகை உண்டு. வண்ணக் குழம்புக்கும் மெருகெண்ணெய்க்கும் பிற தொழில்களுக்கும் பயன்படுவது, குடிப்பதற்கன்று. நிறத்தாலோ மணத்தாலோ நாவின் சுவையாலோ குடிப்பவனால் அதைப் பிரித்தறிய முடியாது. வயிற்றுக்குள் போன பிறகு, ஈரல் அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பின்னர் ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. எறும்பு கடித்தால் சுருக்கென்று எரிகிறதே, அந்த எரிச்சலில் இருக்கும் அமிலம்தான் அது. அந்த அமிலம் கண்ணின் நரம்பைத் தாக்கும், குருதியைப் புளிக்க வைக்கும், மூச்சை நிறுத்தும். இவ்வளவும் உடனே நிகழ்வதில்லை. பன்னிரண்டு மணி நேரமோ ஒரு நாளோ கழித்தே அது தன் பல்லைக் காட்டும். அதற்குள் மருத்துவமனைக்கு வந்துவிட்டால் மாற்று மருந்து உண்டு; குருதியைத் தூய்மை செய்யும் கருவி உண்டு. காலந்தாழ்ந்தால் கண் போகும், அல்லது உயிர் போகும். ஆகவே அம்மா, உம் மகனைக் கொன்றது எமனுமன்று, விதியுமன்று, ஒரு வேதிப்பொருள்.

சொல்லி முடித்து, ஏதோ வென்றுவிட்டவர் போல நிமிர்ந்தோம். மூதாட்டி நம்மைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்:

"விதி இல்லேங்குறீங்க. சரி தம்பி. அப்ப எழுதுனது யாரு?"

தோழர்களே, எத்தனையோ மேடைகளில் எத்தனையோ பண்டிதர்களின் கேள்விகளுக்கு விடை அளித்திருக்கிறோம். அந்தத் திண்ணையில் வாயடைத்துப்போனோம். விதி இல்லை என்று சொல்வதோடு நம் வேலை முடிந்தது என்று இத்தனை நாளும் இருந்துவிட்டோம். விதி இல்லையென்றால், அதன் இடத்தில் யார் என்று சொல்ல வேண்டிய கடன் நமக்குண்டல்லவா? மெத்தனால் தானாகக் கால் முளைத்துக் கருணாபுரத்துக்கு நடந்து வரவில்லை. ஒருவர் விற்றார், ஒருவர் வாங்கினார், ஒருவர் வண்டியில் ஏற்றினார், ஒருவர் கலந்தார், ஒருவர் பொட்டலம் கட்டினார். ஒருவர் பார்த்தும் பாராதவர் போல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இத்தனை கைகளும் சேர்ந்து எழுதிய எழுத்தைத்தான் அந்த மூதாட்டி தலையெழுத்து என்கிறார். எழுதியவர்களுக்கு எவ்வளவு வசதியான சொல் அது!

"புதுச் சட்டம் போட்டிருக்காங்களாமே, ஆயுசுக்கும் ஜெயிலாமே" என்று அவரே பேச்சைத் தொடர்ந்தார். நம் தலைப்பு நம்மைத் தேடி வந்தது. உண்மைதான் என்றோம். 2024 ஜூன் 29ஆம் நாள் சட்டமன்றத்திலே அந்தத் திருத்தம் நிறைவேறியது. ஜூலை மாதத்தில் ஆளுநரின் இசைவும் கிடைத்தது. 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தில் இருந்த தண்டனைகள் போதா என்று உணர்ந்து, பத்தாண்டு வரை கடுங்காவல், ஐந்து இலட்சம் வரை தண்டம் என உயர்த்தினர். கள்ளச்சாராயத்தால் உயிர் போனால் காய்ச்சியவருக்கும் விற்றவருக்கும் ஆயுள் தண்டனை, பத்து இலட்சத்துக்குக் குறையாத தண்டம். குற்றத்துக்குப் பயன்பட்ட இடத்தை மூடி முத்திரை வைக்கலாம். தண்டனை பெற்றவரை அந்தப் பகுதியை விட்டே வெளியேற்றும்படி நீதிமன்றத்தை வேண்டலாம்.

"அப்ப எம் புள்ளைய கொன்னவனுக்கு ஆயுசுக்கும் ஜெயிலா?"

இங்கேதான் நா தழுதழுத்தது. இல்லை அம்மா என்று சொல்ல வேண்டியிருந்தது. குற்றம் நடந்த நாளில் நடைமுறையில் இருந்த சட்டம் எதுவோ, அதன்படிதான் ஒருவரைத் தண்டிக்க முடியும். பின்னால் வந்த கடுமையை முன்னால் நடந்ததன் மேல் ஏற்றக்கூடாது. நம் அரசியல் சட்டத்தின் 20ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. அது நல்ல விதிதான். நேற்றுச் செய்ததற்கு இன்று சட்டம் போட்டுத் தலை வாங்கும் உரிமையை எந்த அரசுக்கும் தரலாகாது. பழைய சட்டங்களிலும் தண்டனை உண்டு. அவற்றின்படி அந்த வழக்கு நடக்கும். 2024 நவம்பர் 20ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம் அந்த வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றிற்று. அதை எதிர்த்த முறையீட்டை டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. ஆனால், கருணாபுரத்தின் சிதையிலிருந்து எழுந்த புதிய சட்டம், கருணாபுரத்தின் சாவுக்குத் தீர்ப்புச் சொல்லாது. அது இனி வருவோருக்கானது. இந்த மக்கள் அதற்குக் கொடுத்த விலை தங்கள் உயிர். வாங்கிய பொருள் ஊராருக்கு.

மூதாட்டி தலையசைத்தார். "இனிமே வர்றவங்களாச்சும் பொழைக்கட்டும்" என்றார். கற்றவர் நாவில் நாம் அடிக்கடி காணாத பெருந்தன்மை அது.

இனி வருவோர் பிழைப்பார்களா? கடுமையான சட்டம் ஒன்றே பிழைக்க வைத்துவிடுமா? குசராத்தைப் பாருங்கள். அந்த மாநிலம் பிறந்த நாள்தொட்டு மதுவிலக்கு உள்ள நாடு. 2009 ஜூலையில் அகமதாபாத்தில் நூற்று முப்பதுக்கும் மேற்பட்டோர் நச்சுச் சாராயத்தால் மாண்டனர். சீற்றம் பொங்கிற்று, சட்டத்தைத் திருத்தினர், சாவுக்குக் காரணமானவருக்குத் தூக்கு வரை தண்டனை என்று எழுதினர். ஆயுள் தண்டனையைவிடக் கடுமை! அப்படியிருந்தும் 2022 ஜூலையில் போட்டாட் மாவட்டப் பகுதியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் அதே மெத்தனாலுக்குப் பலியாயினர். தூக்குக் கயிறு ஏட்டிலே தொங்கிற்று. நஞ்சோ வீதியிலே ஓடிற்று.

நம் நாட்டிலும் கருணாபுரம் முதல் எச்சரிக்கை அன்று. 2023 மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டச் சிற்றூர்களிலும் இருபதுக்கும் மேற்பட்டோர் இதே போல மாண்டனர். இதே மெத்தனால், இதே பாக்கெட், இதே பத்து இலட்சம். ஓராண்டும் ஒரு திங்களும் கழித்துக் கள்ளக்குறிச்சி. முதல் சாவிலே பாடம் கற்றிருந்தால் இரண்டாம் சாவு ஏன்?

இத்தாலி நாட்டுப் பெக்காரியா 1764ஆம் ஆண்டிலேயே குற்றமும் தண்டனையும் பற்றி எழுதிய நூலில் இதை விளக்கினார். தண்டனையின் கடுமையைவிட, அது தப்பாமல் வரும் என்ற உறுதியே குற்றத்தைத் தடுக்கும் என்பது அவர் கண்ட உண்மை. இங்கிலாந்திலே ஒரு காலத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட குற்றங்களுக்குத் தூக்கு. விளைவு என்ன? வீடு புகுந்து 40 ஷில்லிங் பொருள் திருடினால் தூக்கு என்பதால், நடுவர்கள் மனமிரங்கித் திருட்டுப் பொருளின் மதிப்பு 39 ஷில்லிங் என்று தீர்ப்பெழுதினர். சட்டம் உறுமிற்று, கை நடுங்கிற்று. நம் ஊரிலே கை நடுங்கியதற்குக் காரணம் இரக்கம் என்று சொல்லத் துணிவோர் உண்டா? காவல் நிலையத்துக்குப் பக்கத்தில் விற்றவனுக்கு ஆயுள் தண்டனை பற்றிய அச்சம் எப்படி வரும்? ஒரு நாள் தண்டனையாவது உறுதியாக வந்திருந்தால் அவன் அன்றே கடையைக் கட்டியிருப்பான்.

இந்த இடத்திலே நாம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மேடைகளில் இதுவரை சொன்னதில்லை. வெட்கம் தடுத்தது. இன்று சொல்கிறோம்.

நம் தந்தையும் மூட்டை தூக்கியவர்தாம். வட மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் சந்தையிலே அவருடைய முதுகில் நெல்லும் மணிலாவும் ஏறி இறங்கின. அரசு ஏலம் விட்ட சாராயக் கடை அப்போது தெருமுனையில் இருந்தது. மாலையில் அவர் முதுகைத் திண்ணைத் தூணில் சாய்த்தபடி காசைக் கொடுப்பார். பத்து வயதுகூட நிரம்பாத நாம் புட்டியை எடுத்துக்கொண்டு ஓடுவோம். கடைக்காரர் நம்மை 'வாங்க தொர' என்பார். அந்த மரியாதைக்காகவே ஓடினோம்.

1987 சனவரி முதல் நாள் சாராயக் கடைகள் மூடப்பட்டன. அன்று வீட்டிலே பொங்கல் வந்தது போல் அம்மா வாசலில் நீர் தெளித்துக் கோலம் போட்டார். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, தந்தை அதே காசோடு நம்மை அழைத்தார். கடைக்காரரின் வீட்டுக் கொல்லைப்புற வழியைச் சொன்னார். அதே கடைக்காரர், அதே புட்டி. விலை மட்டும் ஏறியிருந்தது. 'தொர' என்ற சொல் இறங்கியிருந்தது. 'சீக்கிரம் ஓடு' என்றார். முன்பு கடையிலே எது விற்கிறது என்பதை அரசு அலுவலர் பார்ப்பார். கொல்லைப்புறத்தில் பார்ப்பார் யார்? அம்மாவின் மூக்குத்தி அந்த ஆண்டிலேதான் அடகுக் கடைக்குப் போயிற்று. சில ஆண்டுகளில் தந்தை ஈரல் கெட்டு மாண்டார். நச்சுச் சாராயம் ஒரே நாளில் செய்ததை, அவர் குடித்தது பத்தாண்டில் செய்து முடித்தது, வேறுபாடு அவ்வளவே.

சட்டம் நம் தெருவுக்கு வந்த கதை இது. சட்டம் முன்வாசலை மூடிற்று, பின்வாசலைப் பார்க்கவில்லை. முதுகு வலியையோ அறவே பார்க்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தந்தை இறந்த போது நாம் அழவில்லை. குடித்துச் செத்தவர் என்று வெறுத்தோம். பிறகு இயக்கத்துக்கு வந்தோம். குடியின் கேட்டைப் பற்றிப் பேசினோம். 1921இல் தம் தென்னந்தோப்பின் மரங்களை வெட்டிச் சாய்த்த பெரியாரைப் பற்றிப் பேசினோம். கள்ளுக்கடை மறியலுக்கு ஈரோட்டுத் தெருவில் இறங்கிய நாகம்மையாரையும் கண்ணம்மையாரையும் பற்றிப் பேசினோம். சட்டத்தால் திணித்த மதுவிலக்கைப் பிற்காலத்தில் கடுமையாக எதிர்த்தவரும் அதே பெரியார்தான் என்பதைப் பேசினோமில்லை. அது ஏன் என்று எண்ணிப் பார்த்தோமில்லை. தூக்கிலிடு, கசையால் அடி என்று முழங்கினோம், கை தட்டினர். நாம் வளர்ந்தது போன்ற ஒரு தெருவுக்குள் நுழைந்து, 'ஏன் ஐயா குடிக்கிறீர்?' என்று ஒருவரைக் கேட்டதுண்டா? இல்லை.

வரலாறும் நம் தெருவைப் போலத்தான். 1937 அக்டோபர் முதல் நாள் இராசாசியின் ஆட்சி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிற்று. இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. 1948க்குள் மாகாணம் முழுதும் மதுவிலக்கு. 1971இல் கடை திறந்தது. 1974க்குள் மீண்டும் மூடிற்று. 1981இல் திறந்தது, 1983இல் வாணிபக் கழகம் பிறந்தது, 1987இல் சாராயமும் கள்ளும் போயின, 1990இல் மலிவு மது வந்தது, 1991இல் போயிற்று, 2003இல் சில்லறைக் கடைகளையே அரசு எடுத்துக்கொண்டது. திறப்பதும் மூடுவதுமாகக் கதவு தேய்ந்தது. மதுவிலக்குச் சட்டம் என்ற பெயரில் உள்ள அதே சட்டத்தின் கீழ்தான் மது விற்கப்படுகிறது என்பதைத் தோழர்கள் கருத வேண்டும். 2023-24ஆம் ஆண்டில் அந்த வாணிபத்தால் கருவூலத்துக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கும் மேல். 2024இல் அரசுக் கடையில் சிறு புட்டியின் விலை 140 ரூபாயாக இருந்தது என்றால், கருணாபுரத்தின் பாக்கெட்டுக்கு அதில் பாதிகூட இல்லை. கூலிக்காரன் எந்தக் கடைக்குப் போவான் என்பதற்குச் சோதிடம் பார்க்க வேண்டுமா?

கருணாபுரத்துக்குப் பத்து இலட்சம் அறிவித்த போது நகரத்து நாகரிகர் சிலர் நகைத்தனர். 'குடித்துச் செத்தவனுக்கு இத்தனை பணமா? குடிக்காமல் இருக்கும் நாங்கள் ஏமாளிகளா?' என்றனர். இந்தக் குரல் புதிதன்று. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நடந்த காலத்தில், தொழிற்சாலைச் சாராயத்தை எவரும் குடித்துவிடாதபடி அதில் மெத்தனாலை இன்னும் மிகுதியாகக் கலக்க அரசே ஆணையிட்டது. குடித்தோர் கூட்டங்கூட்டமாக மாண்டனர். சட்டத்தை மீறிக் குடித்தவன் தற்கொலை செய்துகொண்டவனே என்று வாதிட்ட அறநெறியாளர்களும் அங்கு இருந்தனர். செத்தவர்களுள் பெரும்பாலோர் ஏழைகள். செல்வர்களுக்குக் கலப்பில்லாத சரக்குக் கிடைத்தது. இங்கும் அப்படித்தான். மாடி வீட்டில் குடித்தால் விருந்து. தெருவோரத்தில் குடித்தால் குற்றம். அங்கே கோப்பை உடைந்தால்தான் ஒலி கேட்கும். இங்கே குடும்பம் உடைகிறது.

அந்தப் பணம் சாவுக்குப் பரிசு அன்று. காக்கத் தவறிய அரசு செலுத்திய கடன். தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளின் படிப்புச் செலவை ஏற்பதாகவும், பதினெட்டு வயது வரை மாதம் 5,000 ரூபாய் தருவதாகவும் அரசு அறிவித்தது. அதை நாம் பாராட்டுகிறோம். ஆனால் ஒன்றைக் கேட்கிறோம். சாவுக்குப் பின் வந்த அந்தக் கவனிப்பில் நூற்றில் ஒரு பங்கு சாவுக்கு முன் வந்திருக்கலாகாதா? முதற்சாவு நிகழ்ந்த பொழுதில், இது சாராயத்தால் அன்று என்ற சொல்தான் அதிகாரத்தின் வாயிலிருந்து முதலில் வந்தது. ஏற்கெனவே சொன்னோமே, மெத்தனால் பல்லைக் காட்ட ஒரு நாள் ஆகும் என்று? அந்த ஒரு நாள்தான் உயிர் காக்கும் நாள். குடித்தவரெல்லாம் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள் என்று தெருத்தெருவாகப் பறையறைந்து கூவ வேண்டிய நாள் அது. அது மறுப்புரையில் கழிந்தது. கண்ணில்லாத விதி செய்ததா இதை?

நகரத்துக்கு மேற்கே கல்வராயன் மலை நீலமாய்த் தெரிகிறது. கள்ளச்சாராயம் என்றதும் எல்லா விரல்களும் அந்த மலையைச் சுட்டுகின்றன. மலையின் ஓடைக்கரையில் வெல்லமும் பட்டையும் போட்டு ஊறல் போடும் வழக்கம் உண்டென்பது மெய். கருணாபுரத்தைக் கொன்றது அந்த ஊறல் அன்று; தொழிற்சாலையில் பிறந்த மெத்தனால். ஆயினும் முதலில் படையெடுப்பு மலை மீதுதான்! ஊறலைக் கொட்டிக் கவிழ்க்கும் படம் செய்தித்தாளில் வரும். கொட்டியவர்கள் இறங்கி வந்த பிறகு மலைவாசிக்கு என்ன வேலை என்று கேட்பார் எவர்? அங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினர் 1976 வரையில் சாகீர்தார்களின் ஆட்சியில் கிடந்தவர்கள். நாடு விடுதலை பெற்று ஏறக்குறைய முப்பதாண்டு கழித்துத்தான் அவர்களுக்கு அந்த விடுதலை! சாலையில்லை, வேலையில்லை என்று செம்மரம் வெட்ட ஆந்திரக் காடுகளுக்குப் போய்ச் சிறையிலும் சாவிலும் மாட்டியவர்கள் மலைத்தொடர்களின் மக்கள்தாம். 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை பற்றி வழக்கெடுத்து அரசைக் கேள்வி கேட்டது. தண்டனைச் சட்டத்தோடு ஒரு சாலையும், ஒரு பள்ளியும், விளைபொருளுக்கு நல்ல விலையும் சேர்ந்து மலையேறினால்தான் ஊறல் பானை தானாகக் கவிழும்.

ஆகவே, தோழர்களே, திருத்தச் சட்டத்தை நாம் எதிர்க்கவில்லை, வரவேற்கிறோம். நஞ்சைக் கலந்து விற்றுப் பணம் சேர்த்தவனுக்கு நம் இரக்கம் கிடையாது. ஆனால் சட்டத்தை வரவேற்றுவிட்டு வீட்டுக்குப் போய் உறங்கிவிட்டால், இன்னொரு திண்ணையில் இன்னொரு தாய் நெற்றியில் கோடிழுப்பார். மெத்தனால் எந்த ஆலையில் பிறந்து, யார் கைக்குப் போய், எங்கே தீர்கிறது என்ற கணக்கு ஒரு துளி பிசகாமல் இருக்க வேண்டும்; அந்தக் கணக்கைக் கேட்கும் உரிமையைப் பயன்படுத்துங்கள். குடியை நிறுத்த விரும்புவோருக்கு மருத்துவமனையில் ஒரு கட்டிலும் ஒரு மருத்துவரும் உண்டா என்று போய்ப் பாருங்கள், இல்லையேல் வேண்டுங்கள். எவரேனும் குடித்த பின் கண் மங்குகிறது என்றால், அரைநொடியும் தாழ்த்தாமல் தூக்கிச் செல்லுங்கள்; காரணம் கேட்டு நிற்காதீர்கள். உங்கள் தெருவில் பாக்கெட் விற்பது உங்களுக்குத் தெரியும். காவலருக்கும் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது உங்களுக்குத் தெரியும் என்பதை அவருக்குத் தெரியப்படுத்துங்கள். எழுதிக் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள். பெக்காரியா சொன்ன உறுதி அங்கிருந்துதான் பிறக்கும்.

விடைபெற எழுந்தோம். அதுவரை பேசாதிருந்த சிறுமி நிமிர்ந்து பார்த்தாள். ஒன்பதாம் வகுப்பாம்.

"ஐயா, அந்த மெத்தனாலு எங்க செய்றாங்க?" என்றாள்.

சொன்னோம். ஆலைகளில் என்றோம்.

"அங்கேருந்து இங்க வர்ற வரைக்கும் யாருமே கேக்கலியா?"

மூதாட்டி அவளைக் கடிந்து, "சும்மா இரு பாப்பா, பெரியவங்ககிட்ட" என்றார். வேண்டாம் அம்மா, கேட்கட்டும் என்றோம். எத்தனை தலைமுறை கேளாமல் இருந்ததால் வந்த வினை இது! பாட்டி நெற்றியைக் காட்டினார். பேத்தி ஆலையைத் தேடுகிறாள். பகுத்தறிவு என்பதற்கு இதைவிடத் தெளிவான பொருளை நாம் எந்த நூலிலும் படித்ததில்லை.

அன்று மாலை மேடையிலே நம் குறிப்பைப் பையிலிருந்து எடுக்கவில்லை. தூக்கு, கசை என்று எதுவும் முழங்கவில்லை. முதன்முறையாக நம் தந்தையைப் பற்றிச் சொன்னோம். புட்டி எடுத்து ஓடிய சிறுவனைப் பற்றிச் சொன்னோம். பிறகு அந்தச் சிறுமியின் கேள்வியைக் கூட்டத்தின் முன் வைத்தோம். கைதட்டல் எழவில்லை. வெகுநேரம் எவரும் பேசவில்லை. பின்வரிசையிலிருந்து ஓர் இளைஞர் எழுந்து, "எங்கள் தெருவிலும் விற்கிறார்கள் ஐயா, மனு எழுத வேண்டும், காகிதம் இருக்கிறதா?" என்று கேட்டார்.

நம் குறிப்பின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதைக் கொடுத்தோம்.